ஸ்கோப்பை இறுக்கியே கொன்ற கதை

என் மேசை டிராயரில் ஒரு பழைய ஸ்கோப், அதாவது துப்பாக்கியின் மேல் பூட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி, கிடக்கிறது. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. லென்ஸில் கீறல் இல்லை, குறியை நகர்த்தும் குமிழைத் திருப்பினால் கிளிக் சத்தம் கேட்கும், குறுக்குக்கோடு பளிச்சென்று தெரியும். குழாயின் மேல் விரல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். இரண்டு இடங்களில் நகம் தட்டும். இரண்டும் ரிங், அதாவது ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்கும் வளையம், உட்கார்ந்திருந்த இடங்கள். அந்தப் பள்ளங்களைப் போட்டது துப்பாக்கியின் உதை இல்லை, கீழே விழுந்த அடியும் இல்லை. நானும் திருகு இறுக்கும் என் ஆலன் கீயும்தான்.

இலக்குச் சுடுதலில் இறங்கிய முதல் வருடம் அது. ஸ்கோப் அசைந்துவிடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. சுடும்போது துப்பாக்கி தோளில் உதைக்கிறதே, அந்த உதையில் திருகு தளராமல் இருக்குமா? அதனால் ஒவ்வொரு முறை களத்துக்குப் போகும் முன்பும் எல்லாத் திருகுகளையும் இன்னும் கொஞ்சம் இறுக்கி வைப்பேன். ஒருமுறை கை வலிக்கிறது என்று ஆலன் கீயின் நுனியில் ஒரு சிறு இரும்புக் குழாயைச் செருகி நீட்டிக்கொண்டதும் உண்டு. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அந்த சீசன் முழுக்க என் குறி என் பேச்சைக் கேட்கவில்லை. குண்டுகள் கீழே போகின்றன என்று எட்டு கிளிக் மேலே ஏற்றுவேன். அடுத்த குண்டு பழைய இடத்திலேயே விழும். அதற்கடுத்ததும் அங்கேயே. மூன்றாவது திடீரென்று மேலே எகிறும், கேட்டதைவிட அதிகமாக. சரி, கை நடுங்குகிறது, மூச்சு சரியில்லை, விரல் ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கிறது என்று என்னையே குறை சொல்லிக்கொண்டேன். தோட்டா வகையை மாற்றினேன். துப்பாக்கியை முன்னால் தாங்கும் பைபாடை மாற்றினேன். ஸ்கோப்பைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கிறதே, அதற்கு என்ன குறை வரப்போகிறது?

கிளப்பில் மூத்தவர் ஒருவர் இரண்டு நாள் என்னைப் பேசாமல் கவனித்துவிட்டு மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, கிளிக் வெச்சதும் உடனே சுடாதே. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால டரட்டை லேசா ரெண்டு தட்டு தட்டிட்டு அப்புறம் சுடு" என்றார். டரட் என்பது அந்தக் கிளிக் குமிழ்தான். தட்டினேன், சுட்டேன். குண்டு கேட்ட இடத்தில் போய் விழுந்தது. நான் மகிழ்ந்துபோய் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "துப்பாக்கியைக் காலி பண்ணு. போல்ட்டை வெளியே எடு. முன் ரிங்கோட மேல்மூடியைக் கழட்டு" என்றார். போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு.

கடைசித் திருகு தளர்ந்ததும் ஸ்கோப்பின் முன்பக்கம் தானாகவே மேலே எழும்பியது. பெரிய எழும்பல் இல்லை, ஒரு தாளின் தடிமன் இருக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது. அத்தனை நாளும் அந்தக் குழாய் வளைந்த நிலையில், வில்லைப் போல நாண் பூட்டி உட்கார்ந்திருக்கிறது.

ஸ்கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெளியே தெரியும் அலுமினியக் குழாய் வெறும் சட்டைதான். அதற்குள் இன்னொரு சிறு குழாய் இருக்கிறது. தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்தும் லென்ஸ்கள் அதில்தான் இருக்கின்றன. அதன் பின்முனை ஒரு கீலில் தொங்குகிறது. முன்பக்கத்தை மேலிருந்து ஒரு திருகும் பக்கவாட்டிலிருந்து ஒரு திருகும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. எதிர்ப்புறத்திலிருந்து ஒரு வில் அதை அந்தத் திருகுகளின் மேல் சாய்த்துப் பிடித்திருக்கிறது. நாம் டரட்டைத் திருப்பும்போது திருகு கொஞ்சம் உள்ளே போகிறது அல்லது வெளியே வருகிறது. வெளியே வரும்போது அந்த இடைவெளியை நிரப்பவேண்டியது வில்லின் வேலை. வெளிக்குழாய் நசுங்கியோ வளைந்தோ இருந்தால் உள்குழாய் எங்காவது உரசி நிற்கும், வில்லால் அதைத் தள்ள முடியாது. சுடும்போது வரும் அதிர்வில்தான் அது விடுபட்டுத் துள்ளும். என் எட்டு கிளிக்கும் மூன்றாவது குண்டில் மொத்தமாக வந்து சேர்ந்ததன் ரகசியம் இதுதான். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி செய்ததும் அதே வேலைதான். நோயைக் காட்டிக்கொடுக்கும் தட்டல் அது, மருந்து இல்லை.

சரி, பிறகு எப்படித்தான் பிடித்து வைப்பது? அதற்கு ஸ்கோப்பிலிருந்து தொடங்கக்கூடாது, கீழிருந்து வரவேண்டும். ரிசீவர் (போல்ட் ஓடும் துப்பாக்கி உடல்), அதன் மேல் பேஸ் (ரிங்கைத் தாங்கும் அடித்தளம்), பேஸின் மேல் ரிங், ரிங்குக்குள் ஸ்கோப். கீழ்ப்படியில் இருக்கும் கோணலை மேல்ப்படியில் இறுக்கிச் சரிசெய்ய முடியாது. நான் செய்ய முயன்றது அதைத்தான்.

பேஸ்கள் பல வகை. அமெரிக்கரான வில்லியம் வீவர் 1930இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரால் வழங்கும் வீவர் பேஸ் ஒன்று. 1995இல் அமெரிக்க ராணுவம் தரப்படுத்திய பிக்காட்டினி ரெயில் இன்னொன்று. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஆனால் பிக்காட்டினியின் காடிகள் 5.23 மி.மீ. அகலம், ஒரு காடியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மி.மீ. வீவரின் காடி அதைவிடக் குறுகல், இடைவெளிக்கும் ஒரே அளவு கிடையாது. ஆகவே வீவர் ரிங்குகள் பொதுவாகப் பிக்காட்டினி ரெயிலில் உட்காரும், பிக்காட்டினி ரிங்குகள் வீவர் பேஸில் பெரும்பாலும் உட்காராது. உட்காராததை அடித்து உட்கார வைக்காமல் இருந்தால் போதும். ஏர் ரைஃபிள்களில் பெரும்பாலும் 11 மி.மீ. டவ்டெயில் காடி, அது தனிச் சாதி.

பேஸைப் பூட்டும் திருகுத் துளைகளில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். அதை ஆல்கஹாலோ அசிட்டோனோ தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுக்காமல் திருகைப் போட்டால், எவ்வளவு இறுக்கினாலும் அது நழுவத் தயாராகத்தான் இருக்கும். எண்ணெய் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு இறுக்கினால் மரை போய்விடும். மரை கழன்றவன் என்று ஆளைச் சொல்வோமே, கழன்ற மரையை ஒருமுறை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வசவின் ஆழம் புரியும். திருகின் நீளத்தையும் பார்க்கவேண்டும். முன் துளையில் ஒரு மரை நீளமான திருகைப் போட்டுவிட்டால் அது உள்ளே போய் போல்ட்டின் வழியை மறிக்கும். பூட்டியபின் காலித் துப்பாக்கியில் போல்ட்டை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

பேஸ் திருகுகளுக்கு நீல நிறத் திருகுப் பசை ஒரு துளி போடுவேன். ரிங்கின் மேல்மூடித் திருகுகளுக்குப் போடுவதில்லை. இதில் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். என் காரணம் இது: ஈரமாக இருக்கும் பசை மரையில் எண்ணெய் போலவே வழுக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போது உண்மையில் பிடி அதைவிட அதிகமாக விழும். பேஸ் தாங்கிக்கொள்ளும், ஸ்கோப் குழாய் தாங்காது.

ரிங்கை ரெயிலில் வைக்கும்போது ஒரு சின்ன பழக்கம் உண்டு. பூட்டுமுன் அதைக் குழல் முனையின் பக்கம் தள்ளி, காடியின் முன்சுவரில் முட்டவைத்துவிட்டு இறுக்கவேண்டும். சுடும்போது துப்பாக்கி பின்னால் பாயும், ஸ்கோப்போ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். துப்பாக்கியின் மேல் உட்கார்ந்து பார்த்தால் ஸ்கோப் முன்னோக்கி ஓடுவதாகத் தெரியும். முன்னாலேயே முட்டிக்கொண்டிருந்தால் அது ஓட இடமில்லை. முட்டாமல் விட்டால் முதல் சில குண்டுகளில் அதுவே போய் முட்டிக்கொள்ளும், நம் ஜீரோவையும், அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி செய்த அமைப்பையும், கூடவே எடுத்துக்கொண்டு.

இனி ரிங். குழாயின் விட்டத்துக்கேற்ற ரிங் வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லைதான். ஆனாலும் 25.4 மி.மீ. குழாயை 30 மி.மீ. ரிங்கில் டேப் சுற்றிப் பூட்டியவரை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்லிவிடுகிறேன். டேப் அமுங்கும், வெயிலில் இளகும், நகரும். அளவு மாறினால் ரிங்கை மாற்றுவதே வழி.

என் ஸ்கோப்பை வளைத்தது இரண்டு ரிங்குகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாததுதான். ஒன்று மற்றதைவிட மயிரிழை உயரம், மயிரிழை கோணல். கீழ்ப்பாதிகளில் ஸ்கோப்பை வைத்து, மேல்மூடி போடாமல் விரலால் லேசாக அழுத்தினால் ஆடக்கூடாது, ஒரு பக்கம் தூக்கக்கூடாது. தூக்கினால் முதலில் பேஸையும் ரிங்குகளையும் இடம் மாற்றிப் பார்க்கலாம், முன்னதைப் பின்னால், பின்னதை முன்னால். அப்படியும் போகாவிட்டால் லேப்பிங். குழாய் அளவே உள்ள உருக்குத் தண்டில் அரைக்கும் பசையைத் தடவி, இரண்டு ரிங்குகளுக்குள்ளும் முன்னும் பின்னும் தேய்ப்பது. கறுப்புப் பூச்சு தேய்ந்த இடம் வெள்ளையாகத் தெரியும். அதைப் பார்த்தே எந்த இடம் மட்டும் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது என்று சொல்லிவிடலாம். என் பழைய ரிங்கை அப்படித் தேய்த்தபோது ஒரு ஓரத்தில் நகக்கண் அளவுக்கு மட்டும் வெள்ளை விழுந்தது. முழு ரிங்கும் பிடித்திருக்கிறது என்று நான் நம்பிய இடத்தில் ஒரு நகக்கண்! எல்லா ரிங்கையும் தேய்க்கவேண்டும் என்றில்லை. துல்லியமாகக் கடைந்த நல்ல ரிங்கைத் தேய்த்தால் இருக்கும் நேர்த்தியும் கெடும். உள்ளே பிளாஸ்டிக் வளையம் வைத்துத் தானே சாய்ந்து சரிசெய்துகொள்ளும் ரிங்குகளைத் தேய்க்கவே கூடாது.

இன்னொரு பழைய வகையும் உண்டு. முன் ரிங்கின் அடிப்பகுதியைப் பேஸின் துளையில் விட்டு 90 பாகை திருப்பிப் பூட்டவேண்டும். திருப்ப நல்ல பலம் வேண்டும். கையோடு இருக்கும் நீளமான பிடி என்று ஸ்கோப்பையே நெம்புகோலாக வைத்துத் திருப்பிவிடுகிறார்கள். அதைவிட விரைவாக ஒரு ஸ்கோப்பைப் பாழாக்கும் வழி எனக்குத் தெரியாது. அதே விட்டமுள்ள மரத்தண்டோ இரும்புத்தண்டோ போதும்.

ரிங் பிடிக்கவேண்டியது குழாயின் நேரான பகுதியை மட்டும். டரட் இருக்கும் தடித்த நடுப்பகுதியை ஒட்டியும் வேண்டாம், முன் லென்ஸை நோக்கி விரியத் தொடங்கும் இடத்தை ஒட்டியும் வேண்டாம். முன் லென்ஸ் கூட்டுக்கும் பேரலுக்கும் (துப்பாக்கிக் குழலுக்கும்) நடுவே இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி இருக்கட்டும். லென்ஸ் மூடி போட்டும் பார்க்கவேண்டும், மூடியின் விளிம்பு பேரலில் உட்கார்ந்தால் அதுவும் ஒரு நெம்புதான். போல்ட்டைத் தூக்கும்போது கண்பக்க லென்ஸில் இடிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரம் பொதுவாக 75இலிருந்து 100 மி.மீ. வரை. உருப்பெருக்கத்தை உச்சத்தில் வைத்துக்கொண்டுதான் இதைச் சரிபார்க்கவேண்டும். அங்கேதான் கண்ணுக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. கண்ணை மூடி, துப்பாக்கியை வழக்கம்போல் தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, அப்புறம் கண்ணைத் திறக்கவேண்டும். ஓரத்தில் கறுப்பு நிழல் இல்லாமல் முழு வட்டம் தெரியவேண்டும். கழுத்தை நீட்டித் தேடினால் இடம் தப்பு. உட்கார்ந்து பார்க்கும்போது சரியாக இருப்பது குப்புறப் படுத்தால் மாறிவிடும், தலை முன்னால் போகும். எந்த நிலையில் அதிகம் சுடுவோமோ அந்த நிலையில் பார்ப்பது நல்லது. மிக அருகில் வைத்தவர்களின் புருவத்தில் பிறை வடிவத் தழும்பு ஒன்று இருக்கும். களத்தில் அதைப் பார்த்தால் யாரும் காரணம் கேட்பதில்லை.

குறுக்குக்கோட்டை நேராக நிறுத்துவதில் ஆளாளுக்கு ஒரு முறை. சிறு ரசமட்டங்கள் விற்கிறார்கள். டரட்டின் மேல் ஒன்று, ரெயிலின் மேல் ஒன்று. டரட் மூடியின் தலைப்பகுதி உள்ளே இருக்கும் கோட்டோடு ஒத்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. அதனால் நான் கொத்தனார் முறைக்கு வந்துவிட்டேன். தூரத்தில் ஒரு தூக்குக்குண்டு. துப்பாக்கியை ரசமட்டத்தில் நிமிர்த்தி நிறுத்தி, ஸ்கோப் வழியாக அந்த நூலைப் பார்த்து, செங்குத்துக் கோடு நூலோடு ஒட்டும்வரை குழாயைச் சுழற்றுவேன். புவியீர்ப்பு எந்தக் கம்பெனியின் தயாரிப்பும் இல்லை, தோட்டாவைக் கீழே இழுப்பதும் அதே ஈர்ப்புதான்.

சாய்வு எவ்வளவு கெடுக்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். தோட்டா 3 மீட்டர் கீழிறங்கும் தொலைவில், கோடு 2 பாகை சாய்ந்திருந்தால், ஏற்றிய கிளிக்குகள் குண்டைச் சுமார் 10 செ.மீ. பக்கவாட்டில் கொண்டுபோய் விடும். காற்று என்று நினைத்து நாம் திருத்திக்கொண்டிருப்போம். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம். முக்கியம், சுடும் கணத்தில் கோடு பூமிக்குச் செங்குத்தாக இருப்பதுதான். கோடு செங்குத்தாக நிற்க, துப்பாக்கியின் உடல் மட்டும் 2 பாகை சாய்ந்திருந்தால், 50 மி.மீ. உயரத்தில் பூட்டிய ஸ்கோப் பேரலின் நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகுவது 2 மி.மீ.கூட இல்லை. அதற்காகத் தூக்கம் கெடவேண்டியதில்லை.

இனி நான் கொலை செய்த இடத்துக்கு வருகிறேன். மேல்மூடித் திருகுகள்.

பல ஸ்கோப் தயாரிப்பாளர்கள் சொல்லும் இறுக்க அளவு 15இலிருந்து 18 இன்ச்-பவுண்டு. நியூட்டன் மீட்டரில் சுமார் 1.7 முதல் 2 வரை. எண்ணாகச் சொன்னால் கைக்குப் புரியாது. 10 செ.மீ. நீளமுள்ள ஆலன் கீயின் நுனியில் 2 கிலோ எடையைத் தொங்கவிட்டால் என்ன முறுக்குவிசை வருமோ, 2 நியூட்டன் மீட்டர் என்பது அவ்வளவுதான். இரண்டு விரல் போதும். நான் இரும்புக் குழாயெல்லாம் செருகிக்கொண்டு என்ன கொடுத்திருப்பேன் என்று இப்போது யோசிக்கவே பயமாக இருக்கிறது. குழாயின் சுவர் மிகவும் மெல்லிய அலுமினியம். ரிங்கோ பலசமயம் உருக்கு. ரிங்கின் பெட்டியில் வரும் தாளில் ஓர் எண், ஸ்கோப்பின் தாளில் ஓர் எண் இருந்தால் குறைந்ததை எடுத்துக்கொள்வது என் வழக்கம். அந்த எண்ணுக்காகவே ஒரு சிறிய டார்க் ஸ்க்ரூடிரைவர் வாங்கினேன். ஸ்கோப்புக்கே காசில்லை, இதற்கு வேறா என்று முதலில் தோன்றியது. செத்த ஸ்கோப்பின் விலையை நினைத்தேன், வாங்கிவிட்டேன்.

இறுக்கும் வரிசை குறுக்காக: இடது முன், வலது பின், வலது முன், இடது பின். ஒவ்வொன்றும் கால் சுற்று, அதற்கு மேல் இல்லை. இரண்டு பக்கமும் மேல்மூடிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவே உள்ள சந்து ஒரே அளவாக இருக்கவேண்டும், ஒரு பக்கத்தை முழுதாக மூடிப் பூட்டும்படி செய்யப்பட்ட ரிங்காக இருந்தாலொழிய. ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் குழாய் அந்தப் பக்கம் மெல்லச் சுழலும், தூக்குக்குண்டு பார்த்து வைத்த நேர்நிலை போய்விடும். பாதி இறுக்கியதும் நூலை மறுபடி பார்ப்பேன். முழுதும் இறுக்கியபின் உருப்பெருக்க வளையத்தைத் திருப்பிப் பார்ப்பேன். முன்பு இருந்ததைவிடக் கனமாகத் திரும்பினால் பின் ரிங் அதிகம் கடிக்கிறது என்று அர்த்தம். பக்கவாட்டு ஃபோகஸ் கனத்தால் சந்தேகம் முன் ரிங்கின் மேல்.

பிடிப்பு உண்மையில் எங்கிருந்து வருகிறது என்றால், எண்ணெய்ப் பிசுக்கில்லாத இரண்டு பரப்புகள் முழுதாகத் தொட்டுக்கொண்டிருப்பதிலிருந்து வருகிறது. நகக்கண் அளவு தொடுதலை எவ்வளவு இறுக்கினாலும் அது பள்ளம் போடும், பிடிக்காது.

ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிளைப் பற்றி ஒரு வார்த்தை. உதை குறைவுதானே, எந்த ஸ்கோப் வைத்தால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். அதன் உதை இருமுறை வரும். வில் விடுபட்டு பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னால் போகும், பிஸ்டன் முனையில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் வெட்டும். சாதாரண ரைஃபிள் ஸ்கோப்புகள் பலவும் ஒரே திசை உதைக்காகவே கட்டப்பட்டவை. இந்த எதிர்த்திசை வெட்டில் லென்ஸ் தளர்ந்தும், குறுக்குக்கோடு அறுந்தும் போயிருக்கின்றன. ஏர் ரைஃபிளுக்கு என்று சொல்லி விற்கும் ஸ்கோப்பும், பின்னால் நகராமல் தடுக்கும் ஒரு முள்ளும் இங்கே கட்டாயம்.

ஸ்கோப்பின் உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி அடைத்திருக்கிறார்கள். 1947இல் லியூபோல்ட் கொண்டுவந்த பிளெயின்ஸ்மேன் ஸ்கோப்பிலேயே இந்த வழி வந்துவிட்டது. ஈரக்காற்று உள்ளே இல்லாவிட்டால் உட்புறத்தில் பனி படியாது. அதனால் ஸ்கோப்பின் உடலில் தெரியும் சிறு திருகுகளை ஆர்வக்கோளாறில் திறக்கவேண்டாம், அடைத்த வாயு போனால் வீட்டில் நிரப்ப முடியாது. டரட்டை அதன் எல்லையில் முட்டியபிறகும் திருப்பவேண்டாம். சூரியன் பக்கம் திருப்பி வைக்கவேண்டாம், அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கவே வேண்டாம். லென்ஸ் தூசியைச் சட்டை நுனியால் துடைக்காமல் முதலில் ஊதி, பிறகு மெல்லிய தூரிகை. துப்பாக்கியை ஸ்கோப்பைப் பிடித்துத் தூக்குபவர்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது.

புது ஸ்கோப்பை அந்த மூத்தவரின் முன்னாலேயே பூட்டினேன். போல்ட்டை எடுத்துவிட்டு, பேரலின் ஓட்டை வழியாக இலக்கைப் பார்த்து, துப்பாக்கியை அசைக்காமல் குறுக்குக்கோட்டை அங்கே கொண்டுவந்தோம். முதல் குண்டுகள் 25 மீட்டரில். அங்கே 0.1 மில் கிளிக் (மில் என்பது தொலைவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒன்று 2.5 மி.மீ.தான் நகர்த்தும், 100 மீட்டரில் 10 மி.மீ. நகர்த்தும். அந்த வித்தியாசத்தை மறந்து சில குண்டுகளை வீணாக்கினேன். அப்புறம் 100 மீட்டர். ஜீரோவில் ஒரு குண்டு, ஐந்து மில் மேலே ஏற்றி ஒன்று, ஐந்து மில் வலப்பக்கம் ஒன்று, இறக்கி ஒன்று, திரும்ப வந்து ஒன்று. காகிதத்தில் சதுரம் விழுந்தது, கடைசிக் குண்டு முதல் குண்டின் ஓட்டையை உரசிக்கொண்டு விழுந்தது. டரட்டை யாரும் தட்டவில்லை.

ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் ரிங்குக்கு வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். களத்துக்குப் போகும் முன் ஆலன் கீயை எடுப்பதில்லை, கோட்டைப் பார்க்கிறேன். உடையாமல் நேராக இருந்தால் அப்படியே பெட்டியில் வைத்துவிடுவேன். போன மாதம் சுத்தம் செய்ய ரிங்குகளோடு ஸ்கோப்பை ரெயிலிலிருந்து கழற்றவேண்டியிருந்தது. திரும்ப அதே காடிகளில் வைத்து, முன்னால் தள்ளி, டார்க் பார்த்துப் பூட்டினேன். முதல் மூன்று குண்டுகள் 2 செ.மீ. இடப்பக்கம் விழுந்தன. இரண்டு கிளிக் வலப்பக்கம் திருப்பினேன். நான்காவது நடுவில்.